பல்கரு வழங்கிகளில் தரவுப்பொதிச் செயலாக்கத் திறன்: ஓட்டப் பகிர்வு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வலையமைப்பின் வேகம் பெருகும்போது வழங்கியின் செயலியில் கருக்களைக் கூட்டினால் போதும் என்னும் எண்ணம் பரவலாக நிலவுகிறது. ஆயினும் வந்துசேரும் தரவுப்பொதிகள் கருக்களிடையே எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதே அவ்வழங்கியின் உண்மையான திறனைத் தீர்மானிக்கிறது. பங்கீடு பிழைபட்டால் ஒரு கரு சுமையில் திணறும். மற்றவை வேலையின்றி இருக்கும். இக்கட்டுரை பொதி ஒன்றுக்குரிய கால அளவு, குறுக்கீட்டுச் சுமை, வன்பொருள் மற்றும் மென்பொருள் வழிப் பகிர்வு, கருக்களிடையேயான பகிர்வுச் செலவு ஆகியவற்றை முறையே விளக்குகிறது. ஊராட்சிகளின் போக்குவரத்தைத் திரட்டும் மாநில வலையமைப்புச் சூழலைத் திருப்புட்குழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்ந்து, திரட்டப்பட்ட சுரங்கவழிப் போக்குவரத்தே பல்கரு வழங்கிக்குக் கடினமானது என்பதை எளிய கணக்கீடுகளால் நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பல்கரு வழங்கி, தரவுப்பொதி, தரவோட்டம், குறுக்கீடு, ஹேஷ் சார்பு, சுரங்கவழி, பாரத்நெட்.

முன்னுரை

காஞ்சிபுரத்தின் மேற்கே, சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் திருப்புட்குழி. விசயராகவப் பெருமாள் கோயிலால் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகவும், யாதவப் பிரகாசரிடம் இராமானுசர் பயின்ற இடமாகவும் வைணவ மரபில் அறியப்படுவது. பட்டு நெசவு நிகழும் வட்டாரத்தைச் சார்ந்தது. பாரத்நெட் திட்டத்தின் இரண்டாங்கட்டம் தமிழ்நாட்டில் 'டான்ஃபிநெட்' நிறுவனத்தின் வழியே நிறைவேற்றப்படுகிறது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழைக் கம்பிவடத்தால் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் அளவுக்கு இணைப்புத் தருவது அதன் இலக்கு. திருப்புட்குழி போன்ற ஊராட்சிகள் அவ்விலக்கினுள் அடங்குவன.

இத்தகைய திட்டங்களைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் கம்பிவடத்தின் நீளத்தோடும் இணைப்பின் வேகத்தோடும் நின்றுவிடுகிறது. கம்பிவடத்தின் மறுமுனையில் உள்ள வழங்கி, வரும் பொதிகளை ஏற்குமா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. எல்லா ஊராட்சிகளும் தமக்குரிய அளவில் நூற்றில் ஒரு பங்கை, அதாவது நொடிக்கு 10 மெகாபிட்டை, ஒரே நேரத்தில் பயன்படுத்துவதாகக் கொள்வோம். திரளும் போக்குவரத்து நொடிக்கு ஏறத்தாழ 125 ஜிகாபிட். பொதிகள் அனைத்தும் ஈதர்நெட்டின் முழு அளவுடையனவாக இருப்பினும் நொடிக்குச் சுமார் 1 கோடியே 2 இலட்சம் பொதிகள் வரும். பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இத்தகைய ஒருங்கெழுச்சி கற்பனையன்று. அந்நேரத்தில் ஊரில் இணைப்பு இருந்தும் பக்கம் திறவாது போனால், மாணவருக்கு அவ்விணைப்பால் பயனில்லை.

1. ஒரு பொதிக்குரிய கால அளவு

செயலாக்கத் திறனை 'நொடிக்கு இத்தனை ஜிகாபிட்' என்று அளப்பது வழக்கம். வழங்கியின் செலவோ பெரும்பாலும் பிட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. பொதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒவ்வொரு பொதிக்கும் நினைவிடம் ஒதுக்குதல், தலைப்பகுதியை ஆராய்தல், உரிய இணைப்பைத் தேடிக் கண்டறிதல் ஆகிய வேலைகள் பொதியின் நீளம் எதுவாயினும் நிகழ்ந்தே தீரும்.

ஈதர்நெட்டின் மிகச்சிறு சட்டகம் 64 பைட். முன்னொட்டும் இடைவெளியுமாக 20 பைட் சேரும்போது கம்பியில் அது 84 பைட், அதாவது 672 பிட் இடத்தைப் பிடிக்கிறது. நொடிக்கு 10 ஜிகாபிட் இணைப்பில் இத்தகைய பொதிகள் நொடிக்கு 1 கோடியே 48 இலட்சத்து 80 ஆயிரம் அளவில் வரக்கூடும். எனவே பொதி ஒன்றுக்குக் கிடைப்பது 67.2 நானோநொடி. 3 ஜிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள கருவுக்கு அது ஏறத்தாழ 200 சுழற்சிகளே. கேஷ் நினைவகத்தில் இல்லாத ஒரு தரவை முதன்மை நினைவகத்திலிருந்து எடுக்க 70 முதல் 100 நானோநொடி வரை ஆகும். ஆகவே ஒரே ஒரு நினைவகத் தவறுகூட அந்தப் பொதிக்குரிய கால அளவு முழுவதையும் விழுங்கிவிடும். அதே வேலையை எட்டுக் கருக்கள் சமமாகப் பகிர்ந்தால் பொதி ஒன்றுக்கு 537.6 நானோநொடி, அதாவது சுமார் 1,600 சுழற்சிகள் கிடைக்கும். பல்கருச் செயலியின் பயன் இங்கேதான் உள்ளது. ஆனால் 'சமமாக' என்னும் சொல் நிறைவேறினால் மட்டுமே அப்பயன் கிட்டும்.

2. குறுக்கீட்டிலிருந்து வினவலுக்கு

தொடக்கக்கால வடிவமைப்பில், பொதி வந்தவுடன் வலையட்டை செயலிக்குக் குறுக்கீடு அனுப்பும். செயலி தன் வேலையை நிறுத்திவிட்டுப் பொதியைக் கவனிக்கும். பொதிகள் குறைவாக வரும்போது இம்முறை சிறந்தது. மிகுதியாக வரும்போது செயலியின் காலம் முழுவதும் குறுக்கீடுகளுக்கு விடையளிப்பதிலேயே கழிகிறது. பெற்ற பொதிகளைப் பயன்பாட்டு நிரலிடம் சேர்க்க நேரம் எஞ்சுவதில்லை. பொதிகள் பெறப்படுகின்றன, ஆயினும் பயன் ஏதும் விளைவதில்லை. இந்நிலையைப் 'பெறுகை முடக்கம்' எனலாம். ஜெஃப்ரி மோகுலும் கே. கே. இராமகிருஷ்ணனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தையும் தீர்வையும் தெளிவுபடுத்தியது.

இவ்வழியில் லினக்ஸ் இயங்குதளம் 'நேப்பி' என்னும் முறையை ஏற்றது. முதற்பொதி குறுக்கீடு எழுப்பும். உடனே அவ்வரிசைக்கான குறுக்கீடு நிறுத்தப்பட்டு, கெர்னல் தானே சென்று வரிசையை வினவிப் பொதிகளைத் தொகுதியாக எடுக்கும். ஒரு முறைக்கு ஒரு வரிசையிலிருந்து 64 பொதிகள் எனவும், ஒரு சுற்றில் மொத்தம் 300 பொதிகள் எனவும் இயல்பான வரம்புகள் உள்ளன. வரிசை தீர்ந்ததும் குறுக்கீடு மீண்டும் இயக்கப்படும்.

2009-இல் லினக்ஸ் 2.6.29 பதிப்பில் சேர்ந்த 'ஜி.ஆர்.ஓ.' என்னும் ஏற்பாடு, ஒரே இணைப்பைச் சேர்ந்த அடுத்தடுத்த பொதிகளை 64 கிலோபைட் வரை ஒன்றிணைத்து மேலடுக்குக்கு அனுப்புகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட பொதிகளுக்கான மேலடுக்கு வேலை ஒரு பொதிக்கான வேலையாகச் சுருங்குகிறது. இவ்விரண்டும் ஒரு கருவின் திறனைக் கூட்டுவன. பல கருக்களுக்கிடையே வேலையைப் பங்கிடுவது வேறொரு சிக்கல்.

3. ஓட்டம் என்னும் அலகு

வரும் பொதிகளை முதலாவது முதற் கருவுக்கு, இரண்டாவது இரண்டாம் கருவுக்கு என முறைவைத்து வழங்கினால் சுமை சமமாகுமே என்று தோன்றலாம். ஆனால் கருக்கள் ஒரே வேகத்தில் வேலையை முடிப்பதில்லை. ஆகவே ஓர் இணைப்பின் பொதிகள் வரிசை மாறி வெளிப்படும். டி.சி.பி. நெறிமுறையில், பெறுநரிடமிருந்து ஒரே ஒப்புகை மூன்று முறை மீண்டும் வந்தால் அனுப்புநர் பொதி தொலைந்ததாகக் கருதி மறுபடி அனுப்புவார், வேகத்தையும் குறைப்பார். வரிசை மாற்றமும் இத்தகைய மீள் ஒப்புகைகளை விளைவிக்கும். எனவே தொலையாத பொதி தொலைந்ததாக எண்ணப்பட்டு இணைப்பு மெலிகிறது.

ஆதலால் பகிர்வின் அலகாகப் பொதியைக் கொள்வதில்லை, ஓட்டத்தைக் கொள்கின்றனர். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இருமுனைத் துறை எண்கள் ஆகியவை ஒன்றாக உள்ள பொதிகளின் தொடரே ஓட்டம். 'ஆர்.எஸ்.எஸ்.' எனப்படும் பெறுமுகப் பகிர்வில் வலையட்டை இந்நான்கையும் 40 பைட் சாவியோடு சேர்த்து டோப்லிட்ஸ் ஹேஷ் சார்பின்வழி ஓர் எண்ணாக்குகிறது. அவ்வெண்ணின் இறுதி 7 பிட்டுகள் 128 கட்டங்கள் கொண்ட அட்டவணையில் ஒரு கட்டத்தைச் சுட்டும்; அக்கட்டத்தில் எழுதப்பட்டுள்ள வரிசைக்குப் பொதி செல்லும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கரு பொறுப்பு. ஓர் ஓட்டத்தின் பொதிகள் அனைத்தும் ஒரே கருவிடம் சேர்வதால் ஒழுங்கு குலைவதில்லை.

4. சேர்ந்து நெய்தலும் தனித்து நெய்தலும்

ஓட்டத்தை ஒரு கருவிடமே நிறுத்துவதற்கு ஒழுங்கு மட்டும் காரணமன்று. பகிர்வுச் செலவும் காரணமாகும். காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவு இதனை விளக்கத் தக்கது. உடலும் கரையும் வெவ்வேறு வண்ணத்தில் அமையும் கோர்வைச் சேலையில் மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. நெசவாளருக்குத் துணையாக மற்றொருவரும் தறியில் வேண்டும். இருவர் இருப்பதால் சேலை இரு மடங்கு விரைவில் முடிவதில்லை. ஒவ்வோர் ஊடைக்கும் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கிறார். அதே இருவர் தனித்தனித் தறியில் கோர்வையில்லாச் சேலைகளை நெய்தால் காத்திருப்பு இல்லை. கோர்வையின் அழகுக்காக அக்காத்திருப்பு விரும்பி ஏற்கப்படுகிறது. வழங்கியிலோ அதற்கு ஈடான பயன் ஏதுமில்லை.

இரு கருக்கள் ஒரே தரவுக் கட்டமைப்பை மாற்றும்போது பூட்டு தேவைப்படுகிறது. ஒரு கரு பூட்டை வைத்திருக்கையில் மற்றது காத்திருக்கும். பூட்டே இல்லாத இடத்திலும் செலவு உண்டு. கேஷ் நினைவகம் 64 பைட் வரிகளாக இயங்குவது. இரு கருக்கள் தத்தமக்குரிய வெவ்வேறு எண்ணிகளை மாற்றினாலும், அவை ஒரே வரியில் அமைந்துவிட்டால் அவ்வரி இரு கருக்களுக்கிடையே இடையறாது அலையும். இதனைப் போலிப் பகிர்வு என்பர். ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளுள்ள வழங்கியில், வலையட்டை ஒரு செயலியோடும் பயன்பாட்டு நிரல் மற்றொன்றோடும் இருந்தால், ஒவ்வொரு பொதியும் செயலிகளுக்கிடையேயான இணைப்பைக் கடக்க வேண்டியுள்ளது.

இதன் விளைவை ஜீன் அம்டால் 1967-இல் முன்வைத்த விதியால் மதிப்பிடலாம். வேலையில் நூற்றுக்கு 5 பங்கு மட்டும் பகிர முடியாததாக இருப்பின், 16 கருக்கள் தரும் வேகப்பெருக்கம் 9.1 மடங்கு; 32 கருக்கள் தருவது 12.5 மடங்கு, 64 கருக்கள் தருவது 15.4 மடங்கு. எத்தனை கருக்களைச் சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது. 32-இலிருந்து 64-க்கு உயர்த்தக் கருக்களை இரட்டிப்பாக்கினாலும் கிடைக்கும் கூடுதல் திறன் நாலில் ஒரு பங்குக்கும் குறைவே. பகிர முடியாத அந்த 5 பங்கைப் பாதியாக்கினால் 32 கருக்களிலேயே 18 மடங்கு கிட்டும். புதிய வழங்கி வாங்குவதினும் பழையதன் பூட்டுகளைக் குறைப்பது பயன்மிக்கது என்பது இக்கணக்கின் பொருள்.

5. சுரங்கவழிச் சிக்கல்

ஹேஷ் சார்பு ஓட்டங்களைச் சமமாகப் பரப்பும் என்பது ஓட்டங்கள் மிகுதியாக இருக்கும்போது மட்டுமே உண்மை. 8 வரிசைகளுக்கு 80 ஓட்டங்கள் வருமாயின் வரிசை ஏதும் வெறுமையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஓட்டங்கள் எட்டே ஆனால் நிலை மாறுகிறது. எட்டும் எட்டு வெவ்வேறு வரிசைகளில் விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 0.24 மட்டுமே. சராசரியாக 2.75 வரிசைகள் ஓர் ஓட்டமும் இன்றிக் கிடக்கும்.

திரட்டு வலையமைப்பில் இந்நிலை எளிதில் தோன்றும். திருப்புட்குழியில் ஆயிரம் பேர் ஆயிரம் ஓட்டங்களைத் தொடங்கலாம். ஆனால் அவை ஒரு சுரங்கவழியில் பொதிந்து அனுப்பப்படுமானால், மறுமுனை வலையட்டைக்குத் தெரிவன சுரங்கவழியின் இருமுனை முகவரிகளே. ஆயிரம் ஓட்டங்களும் அதன் பார்வையில் ஒன்றாகி ஒரே கருவிடம் சேர்கின்றன. ஓர் ஊராட்சியளவில், முழு அளவுப் பொதிகளானால், நொடிக்குச் சுமார் 81 ஆயிரம் பொதிகளே வரும். ஒரு கரு தாங்கிவிடும். பத்து ஊராட்சிகளின் போக்குவரத்து ஒரே சுரங்கவழியில் சேர்ந்து, அதில் சிறு பொதிகள் மிகுந்தால், முதற்பகுதியில் கண்ட 67.2 நானோநொடிக் கணக்கு அந்த ஒரு கருவின்மேல் முழுமையாக விழும். எட்டு வட்டாரங்களிலிருந்து எட்டுச் சுரங்கவழிகள் வரும் வழங்கியில், எட்டுக் கருக்களில் ஏறத்தாழ மூன்று வேலையின்றிக் கிடப்பதும், வேறொன்று இரண்டு மூன்று வட்டாரங்களின் சுமையைத் தாங்குவதும் எதிர்பார்க்கத்தக்கதே. வழங்கியின் சராசரிப் பயன்பாடு குறைவாகத் தோன்றும். ஆயினும் சில வட்டாரங்களில் மட்டும் பொதிகள் தொலையும்.

இதற்கான தீர்வுகள் சுரங்கவழியின் வகையைப் பொறுத்தவை.

அ) மறைக்குறியாக்கம் இல்லாதவை. ஜி.ஆர்.இ., பி.பி.பி.ஓ.இ. போன்ற பொதிவுகளில் உள்முகவரிகள் திறந்தே உள்ளன. பல வலையட்டைகள் அவற்றைப் படிப்பதில்லை. லினக்ஸ் கெர்னலால் படிக்க முடியும். டாம் ஹெர்பர்ட் உருவாக்கி 2010-இல் 2.6.35 பதிப்பில் சேர்ந்த 'ஆர்.பி.எஸ்.' முறை, பொதியைப் பெற்ற கரு உள்முகவரிகளின் ஹேஷ் எண்ணைக் கணித்து எஞ்சிய வேலையைப் பிற கருக்களுக்கு அனுப்ப வழிசெய்கிறது. முதற்கட்ட வேலை ஒரு கருவிடமே இருப்பினும் பெரும்பகுதி பகிரப்படுகிறது.

ஆ) வி.எக்ஸ்.லேன் வகை. 2014-இல் ஆர்.எஃப்.சி. 7348 ஆக வெளிவந்த இந்நெறிமுறை, உள்ளோட்டத்தின் ஹேஷ் எண்ணை வெளிப்பொதியின் மூலத் துறை எண்ணாக இடப் பரிந்துரைக்கிறது. அதனால் உள்ளே பார்க்காமலேயே வலையட்டை ஓட்டங்களைப் பிரித்தறியும். ஆயினும் யு.டி.பி. பொதிகளுக்கு முகவரிகளை மட்டுமே கணக்கில் கொள்வது பல வலையட்டைகளின் இயல்பமைப்பு. துறை எண்களையும் சேர்க்குமாறு அமைப்பை மாற்றாவிடில் இவ்வேற்பாடு பயன் தராது.

இ) மறைக்குறியாக்கம் உள்ளவை. ஐ.பி.செக் சுரங்கவழியில் உள்முகவரிகளைக் கெர்னலாலும் முன்கூட்டி அறிய இயலாது. இங்கே ஒரு பெருஞ்சுரங்கவழியைப் பல சிறு சுரங்கவழிகளாகப் பிரிப்பதே வழி. 2024-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9611, கரு ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்புப் பிணைப்பை ஏற்படுத்திக்கொள்ள நெறி வகுத்துள்ளது.

ஈ) அட்டவணை மாற்றம். ஓட்டங்கள் சிலவாகவும் நிலையானவாகவும் இருப்பின், 128 கட்ட அட்டவணையை நிருவாகியே திருத்தி எழுதலாம். எட்டு ஓட்டங்கள் எட்டு வெவ்வேறு கட்டங்களில் விழ நூற்றுக்குச் சுமார் 80 வாய்ப்பு உண்டு. அவ்வாறு விழுந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருவை ஒதுக்கிச் சமநிலை காணலாம். இயல்பமைப்பில் நூற்றுக்கு 0.24 ஆக இருந்த வாய்ப்பு, செலவேதும் இன்றி 80 ஆக உயர்கிறது.

6. கருவையும் நிரலையும் இணைத்தல்

பொதியைச் செயலாக்கிய கருவும் அதனைப் பயன்படுத்தும் நிரல் இயங்கும் கருவும் வேறானால் கேஷ் நினைவகத்தின் பயன் இழக்கப்படும். 'ஆர்.எஃப்.எஸ்.' என்னும் நீட்சி, ஓர் ஓட்டத்தை நிரல் கடைசியாக எக்கருவிலிருந்து படித்தது என்பதை நினைவில் வைத்து, அடுத்த பொதிகளை அங்கேயே செலுத்துகிறது. அனுப்பும் திசையில் 'எக்ஸ்.பி.எஸ்.' இத்தகைய பணியைச் செய்கிறது. 2013-இல் லினக்ஸ் 3.9 பதிப்பில் வந்த 'ரீயூஸ்போர்ட்' வசதியால், ஒரே துறை எண்ணில் கரு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கேட்பு வாயிலைத் திறக்கலாம். ஒரே வாயிலுக்குப் பல கருக்கள் போட்டியிடும் பூட்டுச் சிக்கல் நீங்குகிறது.

இவற்றுக்கும் அப்பால் இரு வழிகள் உள. 'டி.பி.டி.கே.' தொகுப்பு கெர்னலைத் தவிர்த்து வலையட்டையைப் பயன்பாட்டு நிரலே நேரடியாக வினவச் செய்கிறது. இன்டெல் நிறுவனத்தின் வெங்கி வெங்கடேசன் இதன் தந்தையெனப் போற்றப்படுபவர். வேகம் மிக உயர்வு; எனினும் போக்குவரத்து இல்லாத நள்ளிரவிலும் வினவும் கரு முழு வேகத்தில் சுழல்வதால் மின்செலவு குறைவதில்லை. கெர்னலின் வழக்கமான கருவிகளையும் இழக்க நேரும். 2016-இல் லினக்ஸ் 4.8 பதிப்பில் சேர்ந்த 'எக்ஸ்.டி.பி.' நடுவழி எனலாம். பொதி கெர்னலின் பெருங்கட்டமைப்புக்குள் நுழையுமுன், இயக்கி நிலையிலேயே ஒரு சிறு நிரல் அதனைத் தள்ளவோ திருப்பவோ முடியும். 2018-இல் வெளியான ஆய்வு, ஒரே கருவில் நொடிக்கு 2 கோடியே 40 இலட்சம் பொதிகள் வரை இம்முறையில் கையாளப்பட்டதைக் காட்டியது.

7. அளந்து சீர்செய்யும் ஒழுங்கு

சீர்திருத்தத்திற்கு முன் அளவீடு வேண்டும். முதலாவதாக, கருவாரியான குறுக்கீட்டு எண்ணிக்கையைக் காண வேண்டும். ஒரே பத்தியில் எண்கள் குவிந்திருந்தால் பகிர்வு நிகழவில்லை என்பது தெளிவு. இரண்டாவதாக, கெர்னல் கருவுக்கு ஒரு வரியாகத் தரும் 'சாஃப்ட்நெட்' புள்ளிகளைப் பார்க்க வேண்டும். முதற்பத்தி கையாண்ட பொதிகளையும், இரண்டாவது கைவிட்ட பொதிகளையும், மூன்றாவது வேலை மிஞ்சியிருந்தும் வரம்பு முடிந்ததால் நிறுத்திய தடவைகளையும் குறிக்கும். மூன்றாம் பத்தி ஒரு கருவில் மட்டும் வளர்ந்தால் பகிர்வைத் திருத்த வேண்டும். எல்லாக் கருக்களிலும் ஒருசேர வளர்ந்தால் மட்டுமே கருக்களின் எண்ணிக்கையோ வரம்போ போதவில்லை எனலாம். மூன்றாவதாக, ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி மீண்டும் அளக்க வேண்டும். சராசரிச் செயலிப் பயன்பாடு இவ்வாய்வுக்கு உதவாது. எட்டுக் கருக்களில் ஒன்று நூறு விழுக்காட்டில் திணற, பிற ஏழும் வெறுமையாக இருப்பினும் சராசரி 12.5 விழுக்காடே காட்டும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன. வழங்கியின் செலவு பொதிகளின் எண்ணிக்கையைச் சார்ந்தது. ஒழுங்கும் கேஷ் நினைவகமும் காக்கப்பட வேண்டுமாதலால் பகிர்வின் அலகு ஓட்டமே. ஓட்டங்கள் பலவாகத் தோன்றும்போது வன்பொருளே வேலையைப் பரப்பிவிடும். சுரங்கவழியால் அவை சிலவாகத் தோன்றும்போது பரப்பும் பொறுப்பு வடிவமைப்பாளரைச் சேரும். ஊராட்சிகளை இணைக்கும் வலையமைப்புகளில் இரண்டாவது நிலையே எதிர்பார்க்கத்தக்கது. எனவே அத்தகைய திட்டங்களின் தொழில்நுட்ப விவரக்குறிப்பில் கருக்களின் எண்ணிக்கையோடு, எவ்வகைச் சுரங்கவழி, வலையட்டை அதன் உள்முகவரியைப் படிக்குமா, கருவாரியான இழப்பு அளக்கப்படுமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இடம்பெறல் வேண்டும். இவற்றுக்கு விடை காணாமல் கூட்டப்படும் கருக்கள், திருப்புட்குழியிலிருந்து வரும் பொதிக்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கா.